லினக்ஸ் அப்டேட் ஏன் இவ்வளவு நேரம் எடுக்குது? கரன்ட் கட்டுக்கு நாம் கட்டும் 'பிரீமியம்' எவ்வளவு?

திருப்பூர், அவினாசி, பல்லடம் பக்கம் காலையில் பேப்பர் வந்ததும் பலரின் கண் முதலில் போவது 'நாளைய மின்தடை' பகுதிக்குத்தான். எந்தத் துணை மின்நிலையம், எந்த ஏரியா, எத்தனை மணி வரை என்று பார்த்துவிட்டுத்தான் மறுநாள் வேலையையே திட்டமிடுவார்கள். அந்த அறிவிப்பில் வராத கரன்ட் கட்டும் உண்டு. மழைக்கு முன்னாடி அடிக்கும் காற்றிலோ டிரான்ஸ்ஃபார்மர் பழுதிலோ சட்டென்று போய்விடும்.

சரி, இதுக்கும் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் போடுறதுக்கும் என்ன சம்பந்தம்? ரொம்பவே இருக்கு.

ஒரு சின்ன கார்மென்ட்ஸ் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். மூலையில் பழைய டெஸ்க்டாப் ஒன்று, லினக்ஸில் ஓடுது. ஆர்டர் ஷீட், பில், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அதில்தான். அப்டேட் கொடுத்தால் டவுன்லோட் சீக்கிரம் முடிந்துவிடுது. ஆனால் அதற்குப் பிறகு 'அன்பேக்கிங்' என்ற வரியிலேயே நின்றுகொண்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடுது. எரிச்சலில் இணையத்தில் தேடினால், "இந்த ஒரு ஆப்ஷனைப் போடுங்க, பறக்கும்" என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள்.

அந்த ஆப்ஷன் உண்மையிலேயே வேகத்தைக் கூட்டும். ஆனா எதை விலையாகக் கொடுத்து? எவ்வளவு வேகம்? இரண்டையும் நாமே எப்படி அளந்து பார்ப்பது? இதோ முழு விளக்கம்.

லினக்ஸை நம்ம ஊரில் யார் பயன்படுத்துறாங்க?

நினைப்பதைவிட அதிகம் பேர். தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இந்திய லினக்ஸ். அதன் அடித்தளம் 'டெபியன்'. உபுண்டுவுக்கும் அதே டெபியன்தான் அடித்தளம். மும்பையிலிருந்து வரும் 'ஈஆர்பி-நெக்ஸ்ட்' போன்ற நிறுவன நிர்வாக மென்பொருளும் பெரும்பாலும் லினக்ஸ் சர்வரில்தான் ஓடும். உங்கள் ஆண்ட்ராய்டு போனின் உள்ளே இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான்.

டெபியன் குடும்பத்தில் சாஃப்ட்வேரை நிறுவும் வேலையைச் செய்வது 'டிபிகேஜி' என்ற புரோகிராம். நாம் 'ஆப்ட்' என்று கட்டளை கொடுத்தாலும், பின்னாடி நின்று ஃபைல்களைப் பிரித்து வைப்பது இதுதான். இன்றைய கதையின் நாயகனும் இதுதான்.

டெம்போவும் டிசி கையெழுத்தும்

கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை 'சேவ்' செய்தால் அது உடனே டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும் என்றுதான் நினைக்கிறோம். அப்படி இல்லை.

திருப்பூர் பாஷையிலேயே சொல்லிவிடலாம். நிட்டிங் முடிந்த துணி ரோலை சாயப்பட்டறைக்கு அனுப்புகிறீர்கள். டெம்போவில் ஏற்றியாச்சு, வண்டி கிளம்பியாச்சு. உங்கள் பக்கம் வேலை முடிந்த மாதிரிதான். ஆனா துணி பட்டறைக்குப் போய்ச் சேர்ந்ததா? அங்கே இறக்கி, எண்ணிப் பார்த்து, டிசி-யில் கையெழுத்து போட்டுத் திருப்பி அனுப்பும் வரை உறுதியாகச் சொல்ல முடியாது. நடுவழியில் வண்டிக்கு ஏதாவது ஆனால், கையெழுத்து இல்லாத டிசி-யை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

லினக்ஸும் இப்படித்தான். ஒரு புரோகிராம் 'எழுது' என்று சொன்னதும், கெர்னல் அந்த டேட்டாவை மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு "சரி, ஆச்சு" என்று பதில் சொல்லிவிடும். இது டெம்போ கிளம்பிய நிலை. உண்மையில் டிஸ்க்குக்குப் போவது அதற்குப் பிறகுதான். வழக்கமான அமைப்பில், மெமரியில் மாறிய டேட்டா 30 விநாடி வரைகூடக் காத்திருக்கலாம். இந்த இடைவெளியில் கரன்ட் போனால், அந்த டேட்டா காலி.

"எனக்கு டிசி கையெழுத்து வந்தே ஆகணும். அதுவரை நகரமாட்டேன்" என்று ஒரு புரோகிராம் அடம்பிடிக்க ஒரு வழி உண்டு. அதற்குப் பெயர் 'எஃப்-சிங்க்'. இந்த ஃபைல் டிஸ்க்கில் உட்கார்ந்துவிட்டது என்று டிஸ்க்கே உறுதி சொல்லும் வரை புரோகிராம் அங்கேயே நிற்கும். பாதுகாப்பு முழுசா கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் காத்திருக்கணும். அப்டேட்டின்போது டிஸ்க் கரகரப்பதற்கு முக்கியக் காரணம் இந்தக் காத்திருப்புதான்.

2009-ல் காலியான ஃபைல்கள்

இந்த அடம் ஏன் தேவைப்பட்டது? அதற்கு ஒரு சரித்திரம் இருக்கு.

'இஎக்ஸ்டி-4' என்ற ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை, 2008 டிசம்பரில் வந்த லினக்ஸ் கெர்னல் 2.6.28-ல் நிலையான பதிப்பாக அறிவிக்கப்பட்டது. வேகத்துக்காக அதில் ஒரு உத்தி இருந்தது. டேட்டாவை டிஸ்க்கில் எந்த இடத்தில் வைப்பது என்ற முடிவையே முடிந்தவரை தள்ளிப்போடுவது. லோடு முழுசா சேர்ந்த பிறகு வண்டியை எடுப்பது மாதிரி.

2009 தொடக்கத்தில் உபுண்டு 9.04-ஐ வெளியீட்டுக்கு முன்பே சோதித்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். சிஸ்டம் திடீரென்று நின்றுபோய், மறுபடி ஆன் செய்தால் சில ஃபைல்களின் பெயர் இருக்கு. ஆனா உள்ளே ஒன்றுமே இல்லை. அளவு பூஜ்யம் பைட். பழைய ஃபைலும் இல்லை, புது ஃபைலும் இல்லை. டிசி மட்டும் கையில் இருக்கு, துணியைக் காணோம்!

இஎக்ஸ்டி-4-ஐப் பராமரித்துவந்த தியோடர் சோ, இது ஃபைல் சிஸ்டத்தின் தவறு இல்லை, எஃப்-சிங்க் கேட்காத புரோகிராம்களின் தவறு என்று விளக்கினார். ஆனாலும் பாதிப்பைக் குறைக்க, 2009 ஜூனில் வந்த கெர்னல் 2.6.30-ல் சில திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. பெரிய விவாதமே நடந்தது. முடிவில் எல்லோருக்கும் கிடைத்த பாடம் ஒன்றுதான்: டேட்டா முக்கியம் என்றால் கையெழுத்தைக் கேட்டு வாங்கு.

டிபிகேஜி என்ன செய்தது?

யோசித்துப் பாருங்கள். சாதாரண செட்டிங்ஸ் ஃபைல் காலியானால் சமாளிக்கலாம். கம்ப்யூட்டரில் ஓடும் பெரும்பாலான புரோகிராம்களும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி ஃபைல் காலியானால்? மெஷின் பூட்டே ஆகாது.

அதனால் 2010-ல் டிபிகேஜி ஒரு கறாரான முறைக்கு மாறியது. புது ஃபைலை நேரடியாகப் பழைய ஃபைலின் மேல் எழுதாது. பக்கத்தில் வேறு பெயரில் எழுதும். எஃப்-சிங்க் கேட்டு, உறுதி வந்த பிறகு, பெயரை மாற்றி பழைய ஃபைலின் இடத்தில் வைக்கும். எந்த நொடியில் கரன்ட் போனாலும், அந்த இடத்தில் ஒன்று முழுப் பழைய ஃபைல் இருக்கும், இல்லைன்னா முழுப் புது ஃபைல் இருக்கும். பாதி வெந்தது கிடையாது.

பாதுகாப்பு வந்தது. கூடவே புகாரும் வந்தது: "அப்டேட் ஆமை மாதிரி நகருது." டிபிகேஜி அணி சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக நிற்பதற்குப் பதில், ஒரு பேக்கேஜின் எல்லா ஃபைல்களையும் முதலில் பிரித்து வைத்துவிட்டு, மொத்தமாக எஃப்-சிங்க் கேட்கும் முறைக்கு மாற்றினார்கள். ரோலுக்கு ஒரு டெம்போ என்பதை விட்டுவிட்டு, லோடாக அனுப்புவது மாதிரி. அப்படியும் போதாது என்பவர்களுக்காக அதே ஆண்டில் இன்னொரு ஆப்ஷனும் வந்தது: 'ஃபோர்ஸ் அன்சேஃப் ஐஓ'. பெயரிலேயே 'பாதுகாப்பில்லாதது' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள், கவனியுங்கள். இதைப் போட்டால், பேக்கேஜ் பிரிக்கும்போது கேட்கும் எஃப்-சிங்க் நின்றுவிடும்.

இதைவிட முரட்டு வழி ஒன்றும் இருக்கு. ஸ்டூவர்ட் ஸ்மித் எழுதிய 'ஈட் மை டேட்டா' என்ற சின்ன கருவி. 'என் டேட்டாவைத் தின்னுடு' என்பதுதான் பெயரின் அர்த்தம்! அதன் கீழ் ஓடும் எந்த புரோகிராம் எஃப்-சிங்க் கேட்டாலும், டிஸ்க் பக்கமே போகாமல் "ஆச்சு" என்று பொய் சொல்லிவிடும். அதாவது, தானே போட்டுக்கொண்ட டிசி கையெழுத்து.

காத்திருப்பின் கணக்கு

பழைய டெஸ்க்டாப்களில் இருக்கும் 7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 120 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு சுமார் 8.3 மில்லிசெகண்ட். எஃப்-சிங்க் ஒன்றுக்கு டேட்டாவையும் எழுதணும், 'ஜர்னல்' எனப்படும் குறிப்பேட்டிலும் பதியணும். அதனால் ஒரு சுற்றில் முடியாது. ஒரு பேச்சுக்கு இரண்டு சுற்று, அதாவது 16.7 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு அப்டேட்டில் 10,000 சின்ன ஃபைல்கள் மாறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனியாக நிற்கிறோம் என்றால்:

10,000 × 16.7 மில்லிசெகண்ட் = 167 விநாடி. கிட்டத்தட்ட 2 நிமிடம் 47 விநாடி, வெறும் காத்திருப்பு!

டிபிகேஜி மொத்தமாகக் கேட்பதால் நடைமுறையில் இதைவிடக் குறையலாம். லேப்டாப்களில் இருக்கும் 5,400 ஆர்பிஎம் டிஸ்க் என்றால் ஒரு சுற்றே 11 மில்லிசெகண்ட், அதனால் கூடலாம். எஸ்எஸ்டி-யில் சுற்றும் தகடே இல்லை, காத்திருப்பு பல மடங்கு குறையும். விலை குறைந்த பென்டிரைவிலோ மெமரி கார்டிலோ லினக்ஸ் போட்டிருந்தால் நேர் எதிர். அதனால்தான் "எஃப்-சிங்க்கால் இத்தனை சதவீதம் ஸ்லோ" என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால் நம்பாதீங்க. அது அவருடைய டிஸ்க்கின் எண். உங்களுடையதை நீங்கதான் அளக்கணும்.

எப்படி அளப்பது?

முதல் விதி: முக்கியமான டேட்டா இருக்கும் மெஷினில் இந்தச் சோதனை வேண்டாம். அதே மாதிரி டிஸ்க் உள்ள, போனாலும் பரவாயில்லை என்ற மெஷினில் செய்யுங்கள்.

* டவுன்லோடைத் தனியாகப் பிரியுங்கள். 'டவுன்லோட் ஒன்லி' ஆப்ஷனில் பேக்கேஜை முதலிலேயே இறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க்குக்குப் பதில் உங்கள் நெட் வேகத்தைத்தான் அளப்பீர்கள்.
* ஒரே பேக்கேஜைத் திரும்பத் திரும்ப நிறுவுங்கள். 'ரீ-இன்ஸ்டால்' ஆப்ஷன் இதற்காகவே இருக்கு. சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் உள்ள 'கெர்னல் ஹெடர்ஸ்' பேக்கேஜ் நல்ல தேர்வு.
* ஒவ்வொரு முறையும் ஒரே நிலையிலிருந்து தொடங்குங்கள். முதல் தடவை டிஸ்க்கிலிருந்து படித்தது, இரண்டாம் தடவை மெமரியிலேயே இருக்கும். அதனால் வேகமாகத் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் 'சிங்க்' கட்டளை கொடுத்து, மெமரி கேஷைக் காலி செய்யுங்கள்.
* மூன்று விதமாக ஓட்டுங்கள். சாதாரணமாக, 'அன்சேஃப் ஐஓ'வோடு, 'ஈட் மை டேட்டா'வோடு. ஒவ்வொன்றும் குறைந்தது 5 தடவை. நடுவில் வரும் எண்ணை எடுங்கள். ஒரே ஒரு தடவை வந்த நல்ல எண்ணை எடுத்துக்கொண்டு ஓடாதீங்க.
* இரண்டு நேரம் குறியுங்கள். கட்டளை முடிந்த நேரம் ஒன்று. உடனே பின்னால் சாதாரணமாக 'சிங்க்' கொடுத்து, அதுவும் முடிந்த நேரம் இன்னொன்று. இது ரொம்ப முக்கியம். ஏன் என்று அடுத்த பகுதியில் பார்ப்போம்.

எத்தனை எஃப்-சிங்க் நடந்தது, எங்கே நேரம் போனது என்று எண்ண 'எஸ்-டிரேஸ்' என்ற கருவி இருக்கு. அதில் ஒரு வழுக்கல் உண்டு. அதன் சுருக்க அறிக்கை, சாதாரணமாக சிபியு செலவழித்த நேரத்தை மட்டும்தான் காட்டும். எஃப்-சிங்க்கில் சிபியு ஒன்றும் செய்வதில்லை, சும்மா காத்திருக்கிறது. அதனால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் வரும். "அட, செலவே இல்லையே" என்று ஏமாந்துவிடுவோம். கடிகார நேரத்தைக் காட்டச் சொல்லும் 'டபிள்யூ' ஆப்ஷனையும் சேர்க்கணும். எஸ்-டிரேஸே புரோகிராமை மெதுவாக்கும் என்பதால், எண்ணிக்கைக்கு ஒரு ஓட்டம், நேரத்துக்குத் தனி ஓட்டம் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

மிச்சமா, கடனா?

இப்போ அந்த இரண்டு நேரத்துக்கு வருவோம். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: சாதாரண அப்டேட் 100 விநாடி. 'ஈட் மை டேட்டா'வோடு 40 விநாடி. 60 விநாடி மிச்சம் என்று குஷியாகிவிடுவோம். ஆனால் பின்னால் கொடுத்த 'சிங்க்' முடிய இன்னும் 35 விநாடி ஆச்சு என்றால்? உண்மையான மிச்சம் 25 விநாடிதான். மீதி 35 விநாடி வேலை தள்ளிப்போயிருக்கு, அவ்வளவுதான்.

அந்த 35 விநாடிக்குள் கரன்ட் போனால்தான் பிரச்சினை. திரையில் அப்டேட் முடிந்துவிட்டது என்று வந்திருக்கும், டேட்டா இன்னும் மெமரியில் இருக்கும். இணையத்தில் சுற்றும் பல 'வேக' ஒப்பீடுகள் இந்தக் கடைசி 'சிங்க்' நேரத்தைச் சேர்க்காமல் விட்டால், கடனையும் லாபமாக எழுதிய கணக்கு மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். மொத்த அப்டேட்டுக்கு 12 நிமிடம் ஆகுது, அதில் 9 நிமிடம் டவுன்லோட் என்றால், 25 விநாடியை மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகுது? நெட்டைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

யாருக்கு ஓகே? யாருக்கு வேண்டாம்?

ஓகே: போனால் மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய இடங்கள். உதாரணத்துக்கு, டாக்கருக்கான டெபியன் இமேஜ்களில் 'அன்சேஃப் ஐஓ' ஏற்கெனவே போடப்பட்டுத்தான் வருது. அங்கே நடுவில் கரன்ட் போனால் இமேஜைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்துவிடலாம். இழப்பு சில நிமிடம் மட்டும். ஒரே நாளில் நூறு தடவை சாஃப்ட்வேர் நிறுவிப் பார்க்கும் சோதனை மெஷின்களிலும் இதுதான் கணக்கு.

வேண்டாம்: பில், ஆர்டர், சம்பளக் கணக்கு இருக்கும் எந்த மெஷினும். குறிப்பாக யுபிஎஸ் இல்லாதது, அல்லது யுபிஎஸ் பேட்டரி பழசாகி கரன்ட் போனதும் 'டப்' என்று அணைந்துவிடுவது. பழைய விலையில்லா லேப்டாப்களும் இந்த லிஸ்டில்தான். லேப்டாப்புக்கு பேட்டரிதான் யுபிஎஸ். பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப், கரன்ட் கட்டைப் பொறுத்தவரை டெஸ்க்டாப்பேதான்.

கூடவே கூடாது: டேட்டாபேஸ். ஈஆர்பி-க்கு அடியில் ஓடும் 'மரியா-டிபி' போன்றவை, ஒவ்வொரு பதிவும் டிஸ்க்கில் சேர்ந்ததா என்று உறுதி செய்ய எஃப்-சிங்க்கைத்தான் நம்பியிருக்கு. அதை 'ஈட் மை டேட்டா'வின் கீழ் ஓட்டினால், திரையில் 'சேவ் ஆனது' என்று காட்டிய இன்வாய்ஸ்கூடக் காணாமல் போகலாம்.

2012-ல் சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தை திருப்பூர் மறந்திருக்காது. இப்போது அந்த நிலைமை இல்லை. ஆனா ஒரு ஃபைலைக் காலியாக்க மணிக்கணக்கில் கரன்ட் போக வேண்டியதில்லை; ஒரு விநாடி போனாலே போதும்.

அப்போ வேகத்துக்கு வேறு வழியே இல்லையா?

இருக்கு. பாதுகாப்பைக் கழற்றாமலே செய்யலாம்.

* எஸ்எஸ்டி-க்கு மாறுங்கள். இந்தக் காத்திருப்பை அதிகம் குறைப்பது இதுதான். கரன்ட் போனாலும் கையில் இருக்கும் டேட்டாவை எழுதி முடிக்க உள்ளேயே கெப்பாசிட்டர் வைத்த சர்வர் ரக எஸ்எஸ்டி-க்களும் உண்டு. அவற்றில் எஃப்-சிங்க் இன்னும் சீக்கிரம் முடியும்.
* யுபிஎஸ்-ஐ கம்ப்யூட்டரோடு பேச வையுங்கள். யுஎஸ்பி கேபிள் உள்ள யுபிஎஸ் என்றால், பேட்டரி குறைந்ததும் மெஷினை ஒழுங்காக அணைக்கும்படி லினக்ஸில் செட் செய்யலாம்.
* நேரம் பார்த்து அப்டேட் செய்யுங்கள். மின்தடை அறிவிப்பு இருக்கும் நாளில் காலை 8:50-க்கு அப்டேட்டை ஆரம்பிக்காதீங்க. முதல் நாள் வேலை முடிந்த பிறகு செய்யலாம்.
* பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்தாதீங்க. அதுவும் கரன்ட் கட்டுதான். அப்படியே நடுவில் நின்றுபோனாலும், டிபிகேஜியில் பாதியில் விட்டதைத் தொடரும் 'கான்ஃபிகர்' ஆப்ஷன் இருக்கு. எஃப்-சிங்க்கை ஆஃப் செய்யாமல் விட்டிருந்தால், பெரும்பாலும் அதிலிருந்தே மீண்டுவிடலாம்.

போன்களில் இதே சிக்கலை வேறு மாதிரி தீர்த்தார்கள். 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7-லிருந்து, புது சிஸ்டத்தைத் தனிப் பகுதியில் முழுசாக எழுதிவிட்டு, ரீஸ்டார்ட் செய்யும்போது அதற்கு மாறும் வசதி கிடைத்தது. அப்படி மாற முடியாவிட்டால் பழையது அப்படியே இருக்கும். அங்கேயும் அடிப்படை ஒன்றுதான்: புதுசு பத்திரமாகச் சேரும் வரை பழசை விடாதே.

கடைசியாக...

அப்டேட் மெதுவாக இருக்கு என்பதால் நடக்கும் பெரிய ஆபத்து, அதைப் போடாமலே தள்ளிப்போடுவதுதான். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' தாக்குதல் உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் வெளியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். லினக்ஸ் என்றாலும் இந்தப் பாடம் மாறாது.

ஆக, எஃப்-சிங்க் எடுக்கும் நேரத்தை வீண் என்று நினைக்க வேண்டாம். கரன்ட் கட்டுக்கு எதிராக நாம் கட்டும் பிரீமியம் அது. பிரீமியம் எவ்வளவு என்று தெரிந்துகொள்வதில் தப்பே இல்லை. அளந்து பாருங்கள், 'சிங்க்' நேரத்தையும் சேர்த்து. 25 விநாடிதான் என்று தெரிந்தால், அந்த நேரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். மெஷின் பூட் ஆகாமல் போனால் நிற்பது ஷிப்மென்ட்!